முப்பத்தெட்டு வாக்குமூலங்களும் பழைய கம்ப்யூட்டரும்

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. கம்ப்யூட்டர் இன்று மூன்று தடவை தானாக அணைந்தது. 10.20, 11.45, 3.10. கரண்ட் போகவில்லை, ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யூ.பி.எஸ். மேல் சந்தேகம் வந்து அதை விலக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகினேன். 3.10க்கு அணைந்தது அதற்குப் பிறகுதான். ஆக, யூ.பி.எஸ். குற்றமில்லை.

மொத்தம் 38 வாக்குமூலம் (வா.மூ.). முடிந்தது 24. பாக்கி 14. புதன் மதியம் கெடு.

பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை இடிந்த வழக்கு. தொழிலாளிகள் தமிழில் சொன்னதை யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். அதை நான் இங்கிலீஷில் மாற்றி டைப் செய்து கொடுக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. வக்கீல் மேடம் காலையிலேயே போன், பாதி மலையாளத்தில்.

"கோமதி, பேரு ஒண்ணும் வெளியில போகருது, கேட்டோ. எஸ்டேட் சூப்பர்வைசரோட ஆள்க்காரு எல்லா இடத்திலும் உண்டு."

"போகாது மேடம். என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கு."

பெருமையாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நினைத்தேன். வேறு எங்கேயும் காப்பி இல்லை.

இந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்காரர் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டியது. பதினோரு வருஷம் ஆகிறது. ஊரில் பாதி ஆபீஸ் கம்ப்யூட்டர்களைச் சரி செய்த மனுஷன். போன ஆகஸ்டில் ஸ்ட்ரோக். வலது கை வராது. மூளையில் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் வார்த்தை மாறி வரும். தண்ணீர் வேண்டுமென்றால் "கதவு" என்பார். எழுதினாலும் அப்படியே.

பால் கணக்கு கொடுக்க மறந்தேன். நாளைக்கு.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. புழுக்கம்.

காலை 8.15. பவர் பட்டனை அமுக்கினேன். உள்ளே காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடியும். அரைச் சுற்று. நின்றது. பத்து தடவை அமுக்கியிருப்பேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மேஜையருகே நின்று இடது கையை நீட்டி, "அடுப்பு" என்றார்.

"சாயா போடட்டா?"

"அடுப்பு. அடுப்பு!"

சாயா போட்டுக் கொண்டுவந்தேன். தம்ளரைத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் சாயா, வா.மூ. 31இன் மூலத்தாளிலும் கொஞ்சம். நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். "நான் எதைப் பாக்கட்டும்? உங்களையா, இதையா?" பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

அதே நேரம் மேடம் போன். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கெந்தா, தாணு சார் வீட்டில் உண்டல்லோ? ஒண்ணு நோக்கச் சொல்லு."

"அவருக்கு இப்போ ஒண்ணும் தெரியாது மேடம்."

அவர் என் பின்னால்தான் நின்றார். திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து.

மத்தியானம் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போனில் டைப் செய்து பார்த்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம். சரிப்படாது. மீதி 14ஐயும் நோட்டில் கையால் மொழிபெயர்த்து வைக்கலாம். எழுதியது: 2.

ஜூன் 14, சனி

சி.பி.யூ.வைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தம்பானூர். அவரிடம் சொல்லாமல்தான் கிளம்பினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பெரிய கடை. ஏ.சி. கவுண்டர்க்காரர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. வயரைச் செருகினார், பட்டனை அமுக்கினார், அவ்வளவுதான்.

"போர்டு போயி, சேச்சி. இதினு இனி பார்ட்ஸ் கிட்டில்லா. செகண்ட் ஹேண்ட் செட் ஒண்ணு உண்டு, நோக்குந்தோ?"

கவுண்டர்க்காரர் சொன்ன விலை எங்கள் இரண்டு மாதச் செலவு.

"உள்ளே இருக்கிற ஃபைல் மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

"ஹார்டு டிஸ்க் இவிடே வெச்சிட்டுப் போய்க்கோ. ரெண்டு திவசம்."

டிஸ்கில் முப்பத்தெட்டு பேர் பெயர், வீட்டு நம்பர், யார் யாரைப் பற்றி என்ன சொன்னார் என்பது. கவுண்டரில் நாலு பேர் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று சொல்லிப் பெட்ஷீட்டில் மறுபடியும் சுற்றினேன்.

"டிஸ்க் வெச்சிட்டு எந்தா பேடி, சேச்சி?" என்று என் பயத்தைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது மழை. ஆட்டோவில் ஒரு பக்கம் நனைந்தேன், பெட்டியை நனைய விடவில்லை.

சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து அவர் தங்கச்சி போன். "அண்ணனைப் போட்டு ஏன் பாடுபடுத்துதிய மைனி? பேசாம புதுசு ஒண்ணு வாங்கிருங்க." வாங்கணுமாம். சரி.

அவர் ராத்திரி சாப்பிடவில்லை. தட்டில் இரண்டு தோசை அப்படியே.

நோட்டில் எழுதியது: 4. மொத்தம் 6.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், மறந்துவிடும்.

காலையில் நான் சமையலறையில். அவர் வந்து என் கையைப் பிடித்தார். காஸ் அடுப்பைத் தொட்டுக் காட்டினார். "அடுப்பு." பிறகு மேஜைக்கு இழுத்துப்போய் சி.பி.யூ.வின் பின்பக்கம், கரண்ட் வயர் செருகும் மூலையில் விரலை வைத்தார். "அடுப்பு." மறுபடி சமையலறையைக் காட்டினார், தட்டைக் காட்டினார், என்னை, தன்னை, வாயை. மறுபடி அந்த மூலை.

அப்போதுதான் புரிந்தது. எல்லாருக்கும் சோறு போடுகிற இடம். கம்ப்யூட்டருக்கு உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி. எஸ்.எம்.பி.எஸ். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கிறார். நான் சாயா போட்டேன்.

"எஸ்.எம்.பி.எஸ்.ஸா?"

கண்ணை மூடித் தலையை ஆட்டினார். இரண்டு நாளாகக் காத்திருந்த ஆட்டம்.

அவருடைய கருவிப் பையை ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் திறந்தேன். ஸ்க்ரூ டிரைவர் என் கையில், விரல் அவருடையது. பக்கத்து மூடி வந்தது. உள்ளே தூசி, விரற்கடை அளவுக்கு. ஒரு பல்லி முட்டை ஓடு. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். தும்மல்.

பெரிய பிளக் ஒன்றைப் போர்டிலிருந்து பிடுங்கச் சொன்னார், அதாவது காட்டினார். இருபத்திநாலு ஓட்டை. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தித் தந்தார். இரண்டு வயரை அதால் இணைக்க வேண்டும், அப்போது அடுப்பு மட்டும் தனியாக ஓடுகிறதா என்று தெரியும். அவர் முன்னே கஸ்டமர் வீட்டில் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எந்த இரண்டு?

"மஞ்சள்" என்றார். விரல் பச்சையில் இருந்தது.

"மஞ்சளா, பச்சையா?"

"மஞ்சள்." விரல் பச்சை.

தப்பான வயரில் குத்தினால் என்ன ஆகும்? வெடிக்குமா? உள்ளே டிஸ்கும் போய்விடுமா?

"நான் வாயை நம்பட்டா, விரலை நம்பட்டா? சொல்லுங்க."

இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தார். பச்சையைத் தொட்டார். பக்கத்தில் கறுப்பைத் தொட்டார். திரும்பவும் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுவர் பிளக்கை அவரே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார், நான் கிளிப்பைச் செருகி முடிக்கிறவரை. அப்புறம் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே செருகி ஸ்விட்சைப் போட்டார். எஸ்.எம்.பி.எஸ். காற்றாடி ஒரு துடிப்பு. நின்றது.

அவர் சிரித்தார். பத்து மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. போர்டைச் சேர்க்காமலே நின்றதால், போர்டு போகவில்லை. அடுப்புதான் அணைந்திருக்கிறது.

அதைத் தனியே கழற்றி வெளியே எடுத்தோம். உள்ளே சுத்தம் பண்ணினால் ஓடுமோ என்று நான் அந்தப் பெட்டியின் ஸ்க்ரூவில் கை வைத்தேன். பளாரென்று ஒரு அடி. புறங்கை சிவந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் கை நீட்டியதில்லை. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"சாவு" என்றார். பெட்டியைக் காட்டி, என்னைக் காட்டி. "சாவு. சாவு."

இந்த வார்த்தை மாறவில்லை. வயரைப் பிடுங்கினாலும் அதற்குள்ளே கரண்ட் தங்கியிருக்கும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார், ஞாபகம் வந்தது.

கொஞ்சம் கழித்துச் சொன்னேன். "ஒண்ணும் தெரியாதுன்னு மேடத்துக்கிட்ட சொன்னேன்லா. தப்பு. மனசுல வச்சுக்கிடாதிய."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் திணித்தார். வேலையைப் பார் என்று அர்த்தமாக இருக்கும்.

மத்தியானம் சாப்பாடு நன்றாகச் சாப்பிட்டார். புளிக்குழம்பு, பப்படம்.

நோட்டில்: 5. மொத்தம் 11.

ஜூன் 16, திங்கள்

வெயில், மழை, வெயில்.

தம்பானூர் மறுபடியும். இந்தத் தடவை மாடியில் இருக்கிற சின்னக் கடை. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு சோதனைப் பெட்டியில் செருகிப் பார்த்தார் கடைக்காரர்.

"போயி. ஆரா கண்டுபிடிச்சது?"

"வீட்டுக்காரர்."

"டெக்னீஷியனா?"

"ஆமா."

"ஆமா" என்று சொன்னது எனக்கே நன்றாக இருந்தது.

புதுசு வாங்கி, பஸ்ஸில் திரும்பி, 12.30க்குப் பூட்டினோம். எந்த வயர் எங்கே என்று நேற்றே துண்டு பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தேன். பட்டன். காற்றாடி ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. திரை வந்தது. நான் கை தட்டினேன்.

அவர் தட்டவில்லை. குனிந்து காதை டிஸ்க் பக்கம் வைத்தார். டிக். டிக். டிக். எனக்கும் கேட்டது. முன்பு இந்தச் சத்தம் இல்லை.

நான் வேர்டைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். பென் டிரைவை எடுத்து நீட்டினார். வேலை அப்புறம், முதலில் காப்பி.

கோடு நகர நகர இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வா.மூ. 1 முதல் 19 வரை போனது. இருபதில் நின்றது. டிக் டிக் டிக். அரை மணி நேரம். நீலத் திரை. மறுபடி போட்டால் டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை.

மறுபடி. இல்லை.

மறுபடி. இல்லை.

20, 21, 22, 23, 24 போயின. அந்த ஐந்தில் இருபத்திரண்டாம் ஆளுடையது மட்டும் மூன்று பக்கம், கூரை விழுந்த ராத்திரியை நிமிஷம் நிமிஷமாகச் சொல்லியிருந்தார். எனக்கு அதை முடிக்க ஒரு முழு நாள் ஆனது. கையெழுத்துத் தாள் இருக்கிறது, என்னுடைய இங்கிலீஷ்தான் இல்லை.

கணக்கு: 19 கையில் உண்டு. புதிதாக டைப் செய்ய வேண்டியது 19. டிஸ்க் கிடையாது. இருப்பது ஒன்றரை நாள்.

புது மாதிரி டிஸ்க், எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினால் ஓடும். பணம்? பீரோவில் இருப்பது அவருடைய ஸ்பீச் தெரபிக்கும் கைப் பயிற்சிக்கும் வைத்த கவர். அடுத்த இரண்டு வாரத்துக்கு உள்ளது. அதைத் தொடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அடுக்களையில் நின்றேன்.

வெளியே வந்தால் கவர் கீபோர்டு மேல் இருக்கிறது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"வேண்டாங்க. ரெண்டு வாரம் விட்டா கை திரும்ப மடங்கிப்போகும்னு தெரபிக்காரங்க சொன்னாங்கல்லா."

"வேண்டா" என்றார், மலையாளத்தில். கவரைக் காட்டி இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பயிற்சிப் பந்தைக் காட்டி.

"வேணும்" என்றார். கம்ப்யூட்டரைக் காட்டி.

இரண்டு வார்த்தையும் சரியான வார்த்தை. எனக்குச் சண்டை போட ஒன்றுமில்லை. ஆறு மணிக்குக் கடை அடைக்கும் முன் ஓடினேன்.

ஜூன் 17, செவ்வாய்

அடைமழை. தெரு முக்கு வரை தண்ணீர்.

காலை 6 மணிக்கே உட்கார்ந்தோம். எஸ்.எஸ்.டி. சீட்டுக்கட்டு அளவுதான், எடையே இல்லை. இதற்குள்ளா எல்லாம் என்று தோன்றியது. இரண்டு வயர், இரண்டு ஸ்க்ரூ. விண்டோஸ் போடும் பென் டிரைவ் அவர் பையிலேயே இருந்தது.

பையின் அடியில் பேப்பரில் மடித்த ஒரு ராம், மெமரிப் பட்டை. எப்போதோ மிச்சம் விழுந்தது. அதையும் போடச் சொன்னார். எனக்கு வேண்டாம் என்றிருந்தது. ஓடுகிறதைக் கெடுப்பானேன்? விடவில்லை. பல் பல்லாக இருக்கும் பித்தளை நிற ஓரத்தை அழிரப்பரால் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். செருகினேன். பட்டன்.

மூன்று நீளமான பீப். திரை கறுப்பு.

"போச்சு" என்றேன். "நான் சொன்னேன்லா? எதுக்கு இப்போ இது?"

மறுபடி பீப், பீப், பீப். 8.40. அவர் மட்டும் சத்தத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார், ஏதோ தெரிந்த பாட்டைக் கேட்கிறவர்போல. ராமின் ஒரு முனையில் கட்டை விரலால் அமுக்கிக் காட்டினார். சரியாக உட்காரவில்லையாம்.

அமுக்கினேன். இன்னும், என்றது கை. இன்னும் அமுக்கினேன். போர்டு வளைந்தது. உடைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த முனையில் அவருடைய இடது கட்டை விரல். இந்த முனையில் என்னுடையது. தலையை ஒரு தரம் அசைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினோம். டக். இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி தானாக மூடிக்கொண்டது.

பட்டன். ஒரே ஒரு குட்டி பீப். திரை.

விண்டோஸ், வேர்டு, மலையாள எழுத்து, தமிழ் எழுத்து எல்லாம் ஏற்றி முடிக்க 1.30. முன்னே திறக்க எட்டு நிமிஷம் எடுத்தது, இப்போது டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதற்குள் வந்து நிற்கிறது. ரசிக்க நேரமில்லை.

டைப் செய்தது: 25 முதல் 36 வரை. பதினொன்று நோட்டிலிருந்து, ஒன்று நேராக. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒவ்வொன்று முடிந்ததும் அவர் பென் டிரைவை நீட்டுகிறார். காப்பி எடுத்த பிறகுதான் அடுத்த தாளைத் தருகிறார்.

மேடம் மெசேஜ்: நாளே உச்சை (நாளை மதியம்), மறக்கருது. மறக்கவில்லை அம்மா.

ஜூன் 18, புதன்

4.45க்கு எழுந்தேன். 37, 38 முடிந்தது 6 மணிக்கு. பிறகு அந்த ஐந்து.

20: ஒரு பக்கம். 21: ஒரு பக்கம். 23, 24: சின்னது. 22ஐக் கடைசிக்கு வைத்தேன், பயத்தில். 10.05க்கு ஆரம்பித்தேன். போன தடவை எழுதிய வாக்கியங்கள் தலையில் அரைகுறையாக வந்தன, அது இன்னும் தொந்தரவு. தன் பெண் படுத்திருந்த இடத்தில் ஓடு விழுந்ததைச் சொல்கிற இடத்தில் அந்த ஆள் "சத்தம் கேக்கல, பாரம்தான் கேட்டுச்சு" என்கிறார். இதை எப்படி மாற்றுவது? போன தடவை ஒரு நல்ல வரி கிடைத்திருந்தது. இன்று கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டேன்.

இஸ்திரிக்காரர் வந்து அழைப்பு மணி. திறக்கவில்லை.

11.40க்கு முடிந்தது. 11.52க்கு மெயில். போகிறதா, போகிறதா என்று பார்த்தேன். போனது.

12.10 மேடம்: "கிட்டி. தேங்க்ஸ்." கிடைத்ததாம்.

அவ்வளவுதான். ஒரு வாரம், இரண்டு வார்த்தை. சமைக்கவில்லை. ஓட்டலிலிருந்து சோறு வாங்கிவந்து சாப்பிட்டோம். அவர் மீனைத் தானே முள் எடுத்தார், இடது கையால், மெதுவாக.

மத்தியானம் முழுக்கத் தூங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

வானம் வெளுத்திருக்கிறது. துணி எல்லாம் மாடியில்.

11.30க்கு மேடம் போன். எதிர்த்தரப்பு வக்கீல் நேரம் கேட்டாராம். கோர்ட்டு ஜூலைக்குத் தள்ளிவைத்துவிட்டது.

"சாரி, கோமதி. இது எப்பவும் உள்ளதுதானே."

போனை வைத்துவிட்டு நின்றேன். மூன்று வாரம். டிஸ்க் சாகும் முன் மூன்று வாரம் கிடைத்திருந்தால்? தெரபிக் கவரைத் தொட்டிருக்கவே வேண்டாம். நான் கத்தியிருக்க வேண்டாம். அந்த இருபத்திரண்டாம் ஆள் விதுரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பார், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. திரும்பிப் போயிருப்பார்.

கோபத்தில் அவரிடம் போய்க் கொட்டினேன். "கேட்டியளா? தள்ளி வச்சாச்சாம். ஜூலைக்கு! இதுக்கா நாம இந்தப் பாடு பட்டோம்?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்போ அந்த அஞ்சையும் இன்னொரு தரம் பாரு" என்றார்.

சரிதான் என்று பட்டது. அவசரத்தில் செய்தவை. கம்ப்யூட்டரைப் போட்டேன், 20ஐத் திறந்தேன், ஒரு தேதியைத் திருத்தினேன். 21. ஒரு பெயரில் எழுத்துப்பிழை. 22இல் அந்த வரிக்கு வந்து, பாரம் என்பதற்கு என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவர் சொன்னது ஆறு வார்த்தை. வரிசையாக. ஒன்றும் மாறவில்லை.

அவர் பக்கம் திரும்பினேன்.